நீ வாசித்துக் காட்டிய தீவு

என் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்ட என் செல்ல நாத்தனாருக்கு, அடி கௌசிக்கு,

அன்பாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத எடுத்தால் வாயில் வருவதெல்லாம் வசவாக இருக்கிறது. நீ போய் எட்டு மாசம் ஆகிவிட்டது. செத்துப்போன பிள்ளையைத் திட்டக்கூடாது என்று உன் அம்மா சொல்கிறார்கள். நான் திட்டத்தான் போகிறேன். எதிர்த்துப் பேச உனக்கு வழியில்லை, கேட்டுக்கொண்டு கிட.

நாம் இரண்டு பேரும் பேசிப் போட்ட வீடியோ சேனலைக் கேட்டவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சங்கதியையும் சில இடங்களில் திரும்பச் சொல்வேன். "இதெல்லாம் எதுக்கு மதினி" என்று இழுக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் கப்பலூரில் அதே கம்பெனியில்தான் இருக்கிறார், இப்போது பகல் ஷிப்ட் மட்டும். அத்தைக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மாடிப்படி ஏறுவதே இல்லை. உன் பீரோவை இன்னும் யாரும் திறக்கவில்லை. லேப்டாப்பை மட்டும் உன் அண்ணன் எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்து விளையாடுனதுதான, நீயே வச்சுக்க" என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அதை நான் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நாம் எப்படி ஆரம்பித்தோம், நினைவிருக்கிறதா? நான் பேரையூர் பக்கத்திலிருந்து திருமங்கலத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வீடே படுத்துக் கிடந்தது. மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டுக்குப் பக்கத்து ரூமில் நீ லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாய். திரையில் கடல், ஒரு சின்னத் தீவு, சைக்கிள் ஓட்டும் ஒரு பொம்மைப் பெண்.

"என்னடி இது, கேமா? ஒருத்தனையும் சுடக் காணோம்."

"இது அந்த மாதிரி இல்ல மதினி. எங்கயோ ஒரே ஒரு ஆளு தனியா ஒக்காந்து செஞ்ச கேம். இவ தபால்காரி. வீடு வீடாப் போயி கடிதம் கொடுக்கணும், அம்புட்டுதான்."

"கொடுத்தா?"

"அவுங்க பிரிச்சுப் படிப்பாங்க. நாமளும் கூடப் படிக்கலாம்."

அள்ளிய துணி மடியிலேயே கிடக்க, காபி நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நான் பொத்தானை அமுக்கி சைக்கிள் ஓட்டினேன். திரையில் இங்கிலீஷில் வந்ததையெல்லாம் நீ பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாய். நான் பன்னிரண்டு வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்குமேல் கேட்காதே. நீ எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதமெல்லாம் உன் கைக்குத்தான் வரும். சொந்தக்காரர்கள் வந்தால், "ஏ கௌசி, இங்கிலீஷ்ல என்னமாச்சும் பேசு" என்று அத்தை கூப்பிடுவார்கள். நீ ஒரு பாடத்தைத் தடதடவென்று ஒப்பித்துவிட்டு உள்ளே ஓடிவிடுவாய். நானும் கூட்டத்தோடு சேர்ந்து, "எம்புட்டு அழகாப் பேசுறா பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தீவில் கலங்கரை விளக்கத்துக்குக் காவலாக ஒருவன் இருப்பான். கடைசிக் கடிதம் அவனுக்கு. அவன் அக்கா எழுதியது என்று சொல்லி நீ வாசித்தாய். "தம்பி, வாரேன் வாரேன்னு மூணு மழை போயிருச்சு. வாரதும் வராததும் உன் இஷ்டம். ஆனா வந்தா கதவத் தட்டாத. தட்டுனா யாரோ எவரோன்னு நெனச்சுக்குவேன். நீ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டு வா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்யாணத்தில் நடந்த ஒரு வாய்ச்சண்டையால் என் தம்பி அதுவரைக்கும் இந்த வீட்டுப் படி ஏறாமல் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே அவனுக்குப் போன் போட்டேன். "கதவத் தட்டாம வாடா" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரமே வந்தான். எங்கோ கடல் தாண்டி இருக்கிற யாரோ ஒரு ஆள் எழுதிய வரி, பேரையூர்க்காரி வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தது என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

"இத நாம ரெண்டு பேரும் பேசிப் போடுவோம் மதினி, கேக்குறவுக கேக்கட்டும்" என்று நீதான் சேனலை ஆரம்பித்தாய். பேர் வைத்ததும் நீதான், "மதினியும் நாத்தனாவும்". ஞாயிறு மத்தியானம் விளையாடுவோம், பேசுவோம், திங்கட்கிழமை நீ வெட்டி ஒட்டிப் போடுவாய். ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற அளவுக்குத்தான் நமக்கு ஆட்கள். ஆனால் அவர்கள் வாரம் தவறாமல் வந்தார்கள். என்னை எல்லோரும் மதினி என்றே கூப்பிட்டார்கள். புருஷன் வீட்டுக்கு வந்து சோறு பொங்கத்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், நான் பேசினால் கேட்கவும் ஆள் இருக்கிறது என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

எப்படிப்பட்ட கேமெல்லாம் கொண்டுவந்தாய். தையல் கடைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பேய், வருகிறவர்களின் கிழிசலைத் தைக்கும். தைக்கத் தைக்க அந்தத் துணி தன் கதையைச் சொல்லும். அதில் ஒரு பழைய சட்டை பேசிய பேச்சு அச்சு அசல் அத்தை பேசுவது மாதிரியே இருக்கும். நாம் சிரித்த சிரிப்பில் அத்தை எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள். பிறகு அந்தக் கிணற்றுக் கேம், கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். நாலாவது படியில் ஒரு கதவு திறக்கவே இல்லை. "செஞ்சவன் பாதில விட்டுட்டான் மதினி, இது தப்பாச் செஞ்ச கேம்" என்றாய். நானும் சேனலில், "இப்படி அரைகுறையாச் செஞ்சு ஊருக்கு விடுறதுக்கு வெக்கமா இல்லையா" என்று அந்த ஆளைக் கிழி கிழியென்று கிழித்தேன்.

நீ எடுத்துவந்ததெல்லாம் யாரும் விளையாடாத கேம், யாரும் பேசாத கேம். பட்டியலின் அடியில், ஒரு நட்சத்திரம்கூட வாங்காமல் கிடக்கிறதைத் தேடித் தேடி எடுப்பாய். "எல்லாரும் பேசுறதையே நாமளும் என்னத்துக்குப் பேசணும்? இதுகளுக்கும் ஒரு ஆளு வேணும்ல" என்பாய். அந்த ஒரு பேச்சுக்காகவே உன்னை அப்படிக் கொண்டாடினேன். இவளுக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. எல்லோரும் விளையாடுகிற கேம் என்றால் நீ வாசிப்பதைச் சரிபார்க்க ஆள் இருக்கும். அதனால்தானே கௌசி?

பிரேமா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஒரு நாள் ஒரு பெண் கமெண்ட் போட்டிருந்தாள். நீ எனக்குப் படித்துக் காட்டவில்லை, தமிழில் இருந்ததால் நானே படித்தேன். "மதினி, உங்க பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த விளக்குக்காரருக்கு அவங்க அக்கா எழுதினதா அந்த கேம்ல எதுவும் இல்லையே. நானும் விளையாடிப் பார்த்தேன். எங்க வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம், என் தமிழில் தப்பு இருந்தால் மன்னிக்கவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள், மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்த கடிதத்தை இல்லை என்கிறாளே என்று. அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதை இங்கே எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன். "வீட்ல தமிழே பேசாதவுக எனக்குத் தமிழ்ல கதை சொல்ல வந்துட்டாக. எங்க நாத்தனா எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். அவ வாசிச்சது தப்பாம். முதல்ல நீங்க ஒழுங்காப் படிச்சுட்டு வாங்கம்மா." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

நீ பக்கத்தில் இருந்தாய். உன் குரல் அந்தப் பதிவில் இருக்கிறது, "விடு மதினி" என்று, ஈனஸ்வரத்தில். நான் விடவில்லை. மறுநாள் அதைக் கேட்ட நம் ஆட்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். யார் யாரோ வந்து அவளையும் அவள் பாஷையையும் பேசினார்கள். அவளை நான் தடுத்துவைத்தேன், இனிமேல் நம் பக்கம் எழுத முடியாதபடி.

திங்கட்கிழமை வெட்டுகிறவள் நீ. என் இருமலை வெட்டுவாய். குக்கர் விசிலை வெட்டுவாய். அத்தை உள்ளேயிருந்து "உப்பு எங்க வச்ச" என்று கேட்பதை வெட்டுவாய். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் உன்னால் வெட்ட முடியவில்லையா? வெட்டியிருந்தால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன், அதுதானே பயம்? கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் முகம் தெரியாத ஒரு பெண் வசவு வாங்கட்டும் என்று விட்டுவிட்டாய்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நாம் அப்படியேதான் ஓட்டினோம். மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இங்கே இரண்டு நாள் பார்த்துவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, அது வேறொரு கடிதம்.

போன மாதம் ஒரு மத்தியானம் உன் நினைப்பு தாங்கமாட்டாமல் லேப்டாப்பைத் திறந்தேன். தபால்காரி கேமைத்தான் போட்டேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்தது, எழுத்து வந்ததும் நின்றுவிட்டேன். என் போனில், எழுத்துக்கு நேரே பிடித்தால் தமிழில் மாற்றிக் காட்டுமே, அதைத் திரைக்கு நேரே பிடித்தேன். அது சொல்லும் தமிழ் சகிக்காது. தபால்காரியைப் "பதவிப் பெண்" என்றது. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வீடாகப் போனேன். விளக்குக்காரனுக்குக் கடைசிக் கடிதத்தைக் கொடுத்தேன்.

"படகுத்துறை பழுது பார்க்கப்படுகிறது. அடுத்த அறிவிப்பு வரும் வரை எண்ணெய் டப்பாக்கள் வடக்குக் கரையில் இறக்கப்படும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு அனுப்பவும்."

போன் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பப் பிடித்தேன். அதே எண்ணெய் டப்பா. அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை, தட்டுகிற கதவும் இல்லை.

ஒரு வாரம், அத்தை கண் அசருகிற நேரமெல்லாம், நாம் விளையாடியதை ஒன்றொன்றாகத் திறந்து போனைப் பிடித்தேன். "வாருங்கள்", "நன்றி", "இன்று மழை வரும்" மாதிரிச் சின்ன வரியெல்லாம் நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. வரி நீண்டால் நீ உன் பாட்டுக்குப் போய்விட்டிருக்கிறாய். தையல் கடைச் சட்டை ஒரு வார்த்தைகூட அத்தை மாதிரிப் பேசவில்லை. அது போருக்குப் போன ஒருவனின் சட்டை. கிணற்றுக் கேமின் கதவுக்குப் பக்கத்திலேயே பலகையில் எழுதியிருக்கிறது, கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளு என்று. அணைத்துவிட்டுத் தள்ளினேன், திறந்துகொண்டது. அந்த மனுஷன் எதையும் பாதியில் விடவில்லை. நான்தான் அவனை வெட்கமில்லாதவன் என்று ஊர் முன்னால் சொன்னேன்.

அப்போதுதான் வாஷிங் மெஷின் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நீ வாசித்துச் சொன்னபடியே பொடியைப் போட்டோம், நுரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் மெஷினைத்தான் திட்டினோம். உன்னை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றியது?

இங்கிலீஷ் தெரியவில்லை, சரி. ஊரிடம் மறைத்தாய், சரி. ஒப்பிக்கச் சொல்லி ஒப்பிக்கச் சொல்லி அத்தை உன்னை அப்படி ஆக்கிவைத்தார்கள், அவர்களிடம் சொல்ல முடியவில்லை, அதையும் விடு. எனக்கு இங்கிலீஷே தெரியாதேடி. தெரியாதவளிடம் தெரியாது என்று சொல்வதற்கு உனக்கு என்ன வெட்கம்? உன் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேனே, எத்தனை ஞாயிற்றுக்கிழமை. ஒரு தடவையாவது, "மதினி, இந்த வரி எனக்கு விளங்கல" என்று சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் ஒரு டிக்ஷனரியை வைத்துக்கொண்டு முட்டியிருப்போமே.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. போனை நம்பவா, உன்னை நம்பவா? கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். தடுத்துவைத்ததை எடுத்துவிட்டு, நான் மதினி, உங்களைப் பார்க்க வேண்டும் என்று பிரேமாவுக்கு எழுதினேன். ஒரு நாள் கழித்து, தெற்கு மாசி வீதிப் பக்கம் அவர்கள் சேலைக் கடைக்கு வழி எழுதி அனுப்பினாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மதுரைக்குப் பஸ் ஏறி, லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பிரேமாவுக்கு உன் வயசுதான் இருக்கும். கடைக்குள் பிரித்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேமாங்களா? நான் திருமங்கலத்துல இருந்து..."

"குரல் கேட்டதுமே தெரிஞ்சுருச்சு. உக்காருங்க மதினி."

அவள் வாயால் மதினி என்றதும் எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. அவள் உள்ளே பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள், டீ வந்தது. சேலைக் குவியலுக்கு மேலேயே லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். அந்தக் கடிதத்தை அவள் நிதானமாக, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். எண்ணெய் டப்பாதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கௌசி இறந்துட்டா. எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "அதான் வீடியோ வரலயா" என்றாள். "உங்க நாத்தனா எனக்குத் தனியா எழுதியிருந்தாங்க மதினி. நீங்க என்னைய அப்படிப் பேசுன வீடியோ வந்த அன்னைக்கே. உங்களுக்கு அது தெரியாதுல்ல?"

தன் போனைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருந்தாலும் நான் மறக்க மாட்டேன். "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அதுல பாதிக்கு மேல விளங்காது. நானாச் சேத்துச் சொல்லுவேன். வீட்ல யாருக்கும் தெரியாது. மதினிக்குத் தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்புறம் எங்கூட ஒக்கார ஆளில்ல. தயவுசெஞ்சு இனிமே எதுவும் எழுதாதீங்க."

நீ பொய் சொன்னதுகூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை கௌசி. உண்மையை உன்னால் சொல்ல முடிந்திருக்கிறது. முகம் பார்த்திராத ஒருத்தியிடம், நான் அவமானப்படுத்திய ஒருத்தியிடம், ஒரே நாளில் சொல்லியிருக்கிறாய். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்ட என்னிடம் சொல்லவில்லை. நான் எழுந்து போய்விடுவேன் என்று எப்படி முடிவு கட்டினாய்? என்னை என்னவென்று நினைத்துவைத்திருந்தாய்?

"நீங்க அதுக்கப்புறம் எதுவும் எழுதல" என்றேன்.

"எழுதல. உங்க ஆளுங்க எனக்கு எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு நாள் எங்க அப்பா பாத்துட்டாரு. நம்ம வீட்டு பாஷைய என்னத்துக்கு இவங்க பேசுறாங்கன்னு கேட்டாரு. என்ன பதில் சொல்லுறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பேசுனது தப்புத்தான் தாயி. உங்க காலுல வேணும்னாலும் விழுறேன்."

"காலுல எல்லாம் விழ வேணாம். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "பெருந்தன்மையா பரவால்லன்னு சொல்லிருவேன்னு நெனச்சு வந்திருப்பீங்க. எனக்குப் பரவால்ல இல்ல மதினி. நான் பொய் சொல்லலன்னு எல்லாரும் கேக்கணும். உங்க நாத்தனாவப் பத்திச் சொல்லுறதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். எப்படிப் பிரித்துச் சொல்வது? அவள் பொய் சொல்லவில்லை என்றால் நீ சொன்னாய் என்றுதானே அர்த்தம். அவள் பெயரைக் கழுவ எடுத்தால் உன் பெயர் மேல்தான் தெறிக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் கப்பலூர் தாண்டுகிற வரைக்கும் இதையேதான் உருட்டிக்கொண்டு வந்தேன்.

உன் அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"செத்த புள்ள பேர எடுத்து ஊருக்குள்ள விடாத. அவ இருந்திருந்தா சண்ட போட்ருக்கலாம். இப்ப யாரு கூடப் போடப் போற?"

"அந்தப் பொண்ணு இருக்குல்லங்க. அது உசுரோட இருந்து பேச்சு வாங்கிருக்கு."

"அதான் கால்ல விழுறேன்னு சொல்லிட்டேல்ல."

"ஊரு பாக்கப் பேசிட்டு, கடைக்குள்ள வச்சு மன்னிப்புக் கேட்டா சரியாப் போச்சா?"

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார். நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தங்கச்சி மேல் அவருக்கு இருக்கிற பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கும் உன்மேல் இருந்ததே, அதை யார் கேட்பது?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். நடுவில் ஒரு தடவை வார்த்தையே இல்லாத கேம் ஒன்று கொண்டுவந்தாய். மழையில் வயலுக்குள் ஒரு நாரை நடந்து போகும், அவ்வளவுதான். அன்றைக்கு நீ எவ்வளவு லேசாக இருந்தாய். அது எங்கே போகிறது, குஞ்சு எங்கே என்று நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே விளையாடினோம். அடுத்த வாரமும் அது மாதிரி ஒன்று, அதற்கடுத்த வாரமும். எனக்குத்தான் சப்பென்று இருந்தது. "வாய் பேசாத கேமாப் புடிச்சுட்டு வாரா எங்க நாத்தனா. இவ இங்கிலீஷ் படிச்சது எதுக்கு?" என்று மைக்கிலேயே சொன்னேன். நீயும் சிரித்தாய். அதற்கடுத்த வாரம் திரை முழுக்க எழுத்தாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாய். நீ எனக்குச் சொல்ல வந்த ஒரே இடம் அதுவாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது.

போன ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தேன். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வாயிலிருந்து கேட்பதைவிட என் வாயிலிருந்து கேட்கட்டும் என்றுதான். பிரேமாவின் பெயரைச் சொன்னேன். அவள் வீட்டு பாஷையைப் பற்றி நான் பேசியதைத் திரும்பச் சொல்லி, தப்பு என்றேன். அவள் சொன்னதுதான் சரி என்றேன். அந்தக் கடிதம் அந்த கேமில் இல்லை, என் நாத்தனாருக்குப் பாதி இங்கிலீஷ் தெரியாது, அவள் தானாகச் சொன்னாள், அது தெரியாமல் நான் உங்களிடம் சத்தியம் பண்ணினேன் என்றேன். குரல் உடையக்கூடாது என்று பார்த்தேன், இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

அத்தை திட்டுவார்கள், எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப அவளுக்கு இங்கிலீஷ் வராதா?"

"பாதி வரும் அத்தை."

"அந்த அக்கா தம்பிக்கு எழுதுனது, அந்தச் சட்ட பேசுனது, அதெல்லாம்?"

"எல்லாம் உங்க மக சொன்னதுதான். கேம்ல ஒண்ணும் இல்ல."

அத்தை வெகுநேரம் லேப்டாப்பையே பார்த்தார்கள். "இம்புட்டுக் கதை வச்சிருந்திருக்கா" என்றார்கள். "எங்கிட்ட ஒண்ணுகூடச் சொன்னதில்லையே."

நான் அவர்களைக் கட்டிக்கொண்டேன். அவர்களும் ஏமாந்த கணக்கில் வந்துவிட்டார்கள், இனி நாங்கள் இரண்டு பேர். உன்னை நினைத்து அத்தை இதுவரை அழுததற்கும் அன்றைக்கு அழுததற்கும் வித்தியாசம் இருந்தது. இதைச் செய்தது நானா நீயா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கேள். வருகிற ஞாயிறு அந்தப் பதிவை ஏற்றுகிறேன், அதன் கீழேயே இந்தக் கடிதத்தையும் போடுகிறேன். உன் அண்ணன், "என்னமோ செய்யி, ஆனா முழுசாச் சொல்லு" என்று நேற்றுச் சொல்லிவிட்டார். எதையும் வெட்டப் போவதில்லை. நான் உடைந்ததும் இருக்கும், அத்தை கேட்டதும் இருக்கும், உன்னை நான் திட்டியதும் இருக்கும். கிணற்றுக் கேம் செய்த மனுஷனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், பிரேமா அதை இங்கிலீஷில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் எழுதுவதை வரி வரியாக எனக்கு விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். யாரோ வாசிப்பதைக் கேட்டுத் தலையாட்டுகிற காலம் எனக்கு முடிந்துவிட்டது.

நீ சொன்ன கதைகளை என்ன செய்வது என்று யோசித்தேன். அவை கேமில் இல்லை. அதனால் கேமின் பெயரில் இனி இருக்கக்கூடாது. ஒவ்வொரு பழைய வீடியோவின் கீழும், இந்தக் கதை திருமங்கலம் கௌசல்யா சொன்னது என்று எழுதப் போகிறேன். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. உண்மை அதுதான், அதனால் எழுதுகிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடித்தால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ சொல்லாமல் போனதைத் தெரிந்துகொண்ட பிறகும், ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் அந்த ரூமில், அந்த லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். இனியும் உட்காருவேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத, ஆனாலும் எழுந்து போகாத,
உன் மதினி